விதி நான்கு, உட்பிரிவு இ

பிப்ரவரி. செயின்ட் ஜான்ஸ்.
நிலவியல் துறையின் மூன்றாம் மாடிச் சன்னல்களைக்
கடற்காற்று உப்பும் பனியுமாய்ப் பூசி வைத்திருந்தது.
ஆராய்ச்சி மாணவர் சேர்க்கைக் குழு:
நாங்கள் நாலு பேர், ஒரு கெட்டில்,
யாரோ பாதி தின்று மடித்து வைத்த பிஸ்கட் பொட்டலம்.
விண்ணப்பங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு.
இடங்கள் ஆறு.

போன வருடம்தான் நுழைவுத்தேர்வை எடுத்தோம்.
கட்டணம் கட்ட முடியாதவனுக்கும்
தேர்வு மையத்துக்கு நானூறு மைல் போகவேண்டியவளுக்கும்
அதுதான் நியாயம் என்று
மூன்று பக்கம் எழுதிக்கொடுத்தவன் நான்.
கைதட்டினார்கள்.
இப்போது தெரிகிறது,
ஒரு கதவைக் கழற்றினால் வீடு திறந்துவிடுவதில்லை.
கூட்டம் போய் அடுத்த கதவில் நெரிகிறது.

அடுத்த கதவு, பரிந்துரைக் கடிதம்.

டொரொண்டோப் பேராசிரியர் ஒருவர்
பதினோரு பேருக்கு எழுதியிருந்தார்.
பதினோரு பேருமே
'என் முப்பது வருடத்தில் நான் கண்ட
தலைசிறந்த ஐவரில் ஒருவர்.'
க்ளாரென்ஸ் பார்டி விரல்விட்டு எண்ணிச் சிரித்தான்.
சிரித்துக்கொண்டே எல்லாருக்கும் ஒன்பது போட்டான்.
நான் எட்டரை.
பழகிய கையெழுத்து, என்ன செய்ய.

லொரெட்டா ஸ்னூக்குக்கு வந்த கடிதம் மூன்றே வரி:
'நேரத்துக்கு வருவாள்.
செத்துப்போன வெற்றிடப் பம்பைப் பிரித்துப் பூட்டினாள், இன்னும் ஓடுகிறது.
வேறென்ன எழுதுவதென்று தெரியவில்லை.'

மதிப்பெண் பட்டியலில் ஒரு பருவம் முழுக்கப் பூஜ்யம்.
அதற்கு அவள் கொடுத்த விளக்கம் இன்னும் சிறிசு:
'அப்பாவின் படகில் ஆள் போதவில்லை.'

"கடிதத்தில் உற்சாகமே இல்லையே" என்றார் லியாண்டர் டக்கர்.
"பம்ப் ஓடுகிறதே" என்றேன்.
கூட்டக் குறிப்பில் அது ஏறவில்லை.
ஓட்டுப் போட்டோம். ஏழாவதாக வந்தாள்.
ஏழாவது என்றால்
உள்ளே வா என்றும் சொல்லாமல்
போ என்றும் சொல்லாமல்
செருப்போடு வாசலில் நிறுத்துவது.

ஏப்ரல் பதினைந்து, மாலை நாலு நாற்பது.
ஆறில் ஒருவன் ஜூரிக் போகிறானாம்,
நன்றியோடு ஒற்றை வரி.
காலியான இடம் காத்திருப்போருக்கு.
ஆனால் ஐந்து மணிக்குள் சம்மதம் வேண்டும், எழுத்தில்.
இல்லையென்றால் பணம் மேலிடத்துக்குத் திரும்பிவிடும்.
விதி நான்கு, உட்பிரிவு இ.
அதுவும் என் கைவண்ணம்தான்.

வீட்டுக்குப் போன் போட்டால்
"நண்டுப் படகில் இருக்கிறாள். ஐம்பது மைல் வெளியே."

அலுவலகத்து ஃபிலொமினா ஹைன்ஸ்
எங்கள் யாரையும் கேட்காமல்
கரையோர வானொலிக்காரனைப் பிடித்தாள்.
பிரசவ அறைக்கு வெளியே நிற்பவர்கள் மாதிரி
நாங்கள் அவள் மேசையைச் சுற்றி நின்றோம்.
இரைச்சல். காற்று. கப்பி உருளும் சத்தம்.
அப்புறம் ஒரு குரல்:
"யாரு? ... எதுக்கு? ...
சரி. சரின்னு சொல்லிடுங்க. கூண்டு ஏறுது, வைக்கிறேன்."

மணி ஐந்து பன்னிரண்டு.

ஃபிலொமினா ஒரு தாளில் 'சரி' என்று எழுதினாள்.
பக்கத்தில் நேரம்: 4:42.
"ஐந்து மணி யார் ஊர் ஐந்து மணின்னு
உங்க விதியில இல்லையே.
நம்ம தீவுதான் அரை மணி முந்தி ஓடுது.
ஹாலிஃபாக்ஸ்ல இன்னும் நேரமிருக்கு."
முத்திரையை ஓங்கிக் குத்தினாள்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள்.
இங்கே சாமிகள் நாலு பேரும் கைவிரித்தோம்.

மே மாதக் கூட்டத்தில்
'நியூஃபவுண்ட்லாந்து நேரப்படி' என்று
இரண்டு சொல் சேர்த்து அந்தச் சந்தை அடைத்தோம்.
தெளிவு முக்கியம் என்றான் க்ளாரென்ஸ்.
ஒருமனதாக நிறைவேறியது.
நானும் கை தூக்கினேன்.

செப்டம்பரில் வந்தாள்.
கீழ்த்தள ஆய்வுக்கூடத்தைச் சுற்றிக் காட்டும்போது
நான் பேசிக்கொண்டே போக
அவள் பாதியில் நின்று,
மூலையில் விக்கி விக்கி ஓடும் பம்புக்குக்
காது கொடுத்துக் கேட்டாள்.
"யார் பூட்டினது இதை?" என்றாள்.

நான் சாவியைத் தேடுகிறவன் போல
பையைத் துழாவினேன்.